பஞ்சு தின்ற சாக்லேட்

நம் வயசுக்காரர்களில் பாதிப் பேர் வீட்டில் இப்போது இதுதான் நிலைமை. பிள்ளைகள் ஹாஸ்டலுக்கோ வேலைக்கோ போய்விட்டார்கள். அவர்கள் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய நாய் மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது. காலையில் பூங்காவைச் சுற்றி வருவது அதற்காகத்தான். முழங்காலுக்காக என்று வெளியே சொல்லிக்கொள்கிறோம்.

போன வாரம் அங்கே நம்மில் ஒருத்தி, "பர்த்டே கேக்ல ஒரு துண்டு கொடுத்தேன், ஒரு துண்டுதானே" என்றாள். என்ன கேக், எவ்வளவு, எப்போது என்று நான் அடுக்கிய கேள்வியைப் பார்த்து போலீஸ் ஸ்டேஷன் தோற்றது என்று எல்லோரும் சிரித்தீர்கள். கேட்டதில் அது வெறும் வெனிலா கேக். நாயும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த "ஒரு துண்டுதானே" என்ற சொல் இருக்கிறதே, அதைக் கேட்டால் எனக்கு இன்றும் கேள்வி கேட்காமல் இருக்க முடிவதில்லை. ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

ஊருக்கு இன்னும் மெட்ராஸ் என்றே பெயர் இருந்த காலம். எனக்குப் பதினான்கு வயசு. மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், இரண்டு மாடி வீட்டின் கீழ்ப்பகுதியில் வாடகைக்கு இருந்தோம். அப்பாவுக்குத் தி.நகரில் ஜாக்கெட் துணிக் கடை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இருபது வருஷம் ஆகியும் வீட்டுக்குள் பேச்சு மாறவில்லை. கடையில் அப்பா ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்லும் வாசகம் ஒன்று உண்டு: "நல்லா விரிச்சுப் பாருங்கம்மா, கறை கிறை இருந்தா இப்பவே சொல்லிருங்க." கடையில் அவ்வளவு கறாராக இருந்த மனிதர், வீட்டில் எதையும் விரித்துப் பார்க்கமாட்டார். மடித்தது மடித்தபடியே இருக்கட்டும் என்பது அவர் சுபாவம்.

எங்கள் நாய்க்குப் பஞ்சு என்று பெயர். அம்மா பாமரேனியன், அப்பா தெரு. வெள்ளை வெளேரென்று உடம்பு, ஒரு காது மட்டும் பழுப்பு. கடையிலிருந்து அப்பா கொண்டுவரும் வெட்டுத்துணி மூட்டைமேல்தான் தூங்கும். அதனால் அதன்மேல் எப்போதும் கஞ்சி போட்ட புதுத்துணி வாசம் அடிக்கும். அந்த வாசம் இப்போது எந்தக் கடைக்குள் போனாலும் வருவதில்லை. ஏசிதான் வருகிறது.

அந்த வருஷம் கோடை விடுமுறையில் அக்காவும் அத்தானும் அமெரிக்காவிலிருந்து வந்தார்கள். கல்யாணமாகி இரண்டு வருஷம் கழித்து முதல் வரவு. பெட்டியைத் திறந்ததும் கூடம் முழுக்க ஒரு வாசனை பரவியதே, சோப்பும் பிளாஸ்டிக்கும் காப்பியும் கலந்த அந்த ஃபாரின் வாசனை, அதை நீங்களும் முகர்ந்திருப்பீர்கள். நான் அந்தக் காலிப் பெட்டிக்குள் தலையை விட்டு மூச்சு இழுத்து அம்மாவிடம் குட்டு வாங்கினேன்.

மாப்பிள்ளை வந்தால் எங்கள் வீட்டில் சட்டம் மாறிவிடும். அப்பா பனியனோடு கூடத்துக்கு வரமாட்டார். அம்மா அத்தான் எதிரில் உட்காரமாட்டாள். அத்தான் எதைச் சொன்னாலும் "அதுவும் சரிதான் மாப்ள". கல்யாணப் பந்தியில் பருப்புப் பாயாசத்தை அவர் ஒரு வார்த்தை நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு வார்த்தையை நம்பி, அவர்கள் வந்த நாளிலிருந்து தினமும் மத்தியானம் எங்கள் வீட்டில் பருப்புப் பாயாசம். முந்திரியும் திராட்சையும் மிதக்க மிதக்க ஒரு பெரிய டம்ளர். அத்தான் ஒரு நாள்கூட மறுத்ததில்லை. டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு பின்கட்டுப் பக்கம் போய் நின்று நிதானமாகக் குடித்துவிட்டுக் காலி டம்ளரைக் கொண்டுவந்து கொடுப்பார். "பாரு, எவ்ளோ ரசிச்சுக் குடிக்காரு" என்று அம்மா உருகுவாள்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை. அப்பா மாப்பிள்ளைக்காகக் கடைக்குப் போகவில்லை. வடை பாயாசத்தோடு சாப்பாடு முடிந்தது. அத்தான் உள்ளே போய் ஒரு தட்டையான அட்டைப் பெட்டியோடு வந்தார்.

"மாமா, இது உங்களுக்குன்னே தேடி வாங்கினேன். உங்களுக்கு சுகர் இருக்குல்லா. இதுல துளி சர்க்கரை கிடையாது. டிராயர்லயே வச்சு மறந்துட்டேன்."

உள்ளே வெள்ளித்தாளுக்குள் கறுப்பாக ஒரு சாக்லேட் பாளம். பன்னிரண்டு கட்டம். ஒவ்வொன்றும் கட்டைவிரல் அகலம், நல்ல கனம். அது அங்கே வீடுகளில் கேக் செய்யும்போது சர்க்கரை சேர்த்து உருக்கிப் போடுகிற சமையல் சாக்லேட் என்று அத்தானுக்குத் தெரியாது. சர்க்கரை இல்லை என்று எழுதியிருந்ததைப் பார்த்து மாமனார் ஞாபகத்தில் எடுத்துவிட்டார். அக்காவுக்கும் தெரியாது. அது அவர் தனியாகக் கடைக்குப் போய் வாங்கியது.

அவரே உடைத்து ஆளுக்கு ஒரு கட்டம் கையில் கொடுத்தார். நான் ஓரத்தில் எலி மாதிரி ஒரு கடி கடித்தேன். வேப்பங்கொழுந்தையும் காப்பித்தூளையும் சேர்த்து மென்றது மாதிரி இருந்தது. நிமிர்ந்து பார்த்தால் எல்லோர் வாயும் அசையாமல் நிற்கிறது.

"எப்படி மாமா இருக்கு?"

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். "ரொம்ப நல்லாருக்கு மாப்ள. இனிப்பு திகட்டாம."

"வாசனையா இருக்கு" என்றாள் அம்மா. அத்தான் முகம் மலர்ந்து, தானும் ஒரு கட்டத்தை உடைத்து வாயில் வைத்தார். உடனே எழுந்தார். கையலம்பப் பின்கட்டுக்குப் போய்விட்டார்.

பஞ்சு அந்த நேரம் நாற்காலிக் கால்களுக்கிடையே வாலை ஆட்டிக்கொண்டு சுற்றிவந்தது. நான் என் துண்டைத் தட்டில் மிச்சமிருந்த லட்டுக்குள் புதைத்து நீட்டினேன். ஒரு வாயில் போயிற்று. ஃபாரின் சாமானைக் குப்பையில் போட்டால் மாப்பிள்ளை கண்ணில் படும். நாய் வயிற்றில் போட்டால் யார் கண்ணிலும் படாது. பதினான்கு வயசு மூளைக்கு அது மகா கெட்டிக்காரத்தனமாகப் பட்டது.

மணி நாலு இருக்கும். பக்கத்து வீட்டு டிவியில் படத்துக்கு முன்னால் வருகிற விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. பஞ்சு ஓரிடத்தில் நிற்கவில்லை. கூடத்துக்கும் வாசலுக்கும் ஓடியது. தண்ணீர்க் கிண்ணத்தைக் காலி செய்துவிட்டுச் செருப்பு ஸ்டாண்டின்மேல் மூத்திரம் போனது. அது குட்டியிலிருந்தே அப்படிச் செய்ததில்லை. பிறகு நடு முற்றத்தில் கொஞ்சம் வாந்தி. தூக்கினேன். உள்ளங்கைக்கு அடியில் அதன் நெஞ்சு, தெருமுனை டெய்லர் மிதிக்கிற மெஷின் மாதிரி தடதடவென்று ஓடியது. பின்னங்கால் நடுங்கிற்று.

"வெயிலுக்கு அப்படித்தான் செய்யும். நாய் எதையும் செமிச்சுரும்" என்றார் அப்பா. இரண்டு நிமிஷம் கழித்துத் தானே குனிந்து நெஞ்சைத் தொட்டுப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. "ஏட்டி, உப்பைக் கரைச்சுக் கொண்டா. ஊத்துனா எல்லாம் வெளிய வந்துரும்."

அம்மா ஒரு சொம்பில் உப்பை அள்ளிப் போட்டுக் கரைத்துக்கொண்டு வந்தாள். நான் பஞ்சுவின் வாயைப் பிளந்து பிடித்தேன்.

"ஊத்தாதேள்."

மாடிப்படியில் மாமி நின்றுகொண்டிருந்தாள். மாடி வீட்டு மாமியைப் பற்றி எங்கள் வீட்டில் நல்ல அபிப்பிராயம் கிடையாது. பஞ்சு படியில் கால் வைத்தாலே, "அதைப் பிடிச்சுக்கோங்கோ, கிட்ட வரப்படாது" என்று புடவையைச் சுருட்டிக்கொண்டு ஒதுங்குவாள். நாயைக் கண்டால் ஆகாத ஜென்மம் என்று அம்மா அவளுக்கு முத்திரை குத்தி வைத்திருந்தாள். பஞ்சு நடுங்க ஆரம்பித்ததும் அம்மா பார்வை முதலில் போனது மாடிப்படிக்குத்தான் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மாமி பாதிப்படிவரை இறங்கிவந்தாள். "எங்காத்துலயும் ஒண்ணு இருந்தது, நான் சின்னவளா இருக்கச்சே. எதையோ தின்னுட்டு நடுங்கித்து. எல்லாருமாச் சேர்ந்து வாயில எண்ணெயை விட்டா. மூச்சுக்குழல்ல போயிடுத்து. தின்னதுல போகலை அது, நாங்க ஊத்தினதுல போச்சு." இதைச் சொல்லும்போதும் அவள் பஞ்சுவைப் பார்க்கவில்லை. "உப்பே அதுக்கு விஷமா முடியும். அடையார்ல நாய் டாக்டர் ஒருத்தர் இருக்கார், அவர் ஆத்துக்காரி என்னோட பஜனைக்கு வரா. இதோ போன் பண்றேன்."

மாடிப்படி முடிகிற இடத்தில் வைத்திருந்த அவர்கள் வீட்டுச் சிவப்பு டெலிபோனில் டயலுக்கு ஒரு குட்டிப் பூட்டு தொங்கும். சாவி மாமியின் தாலிக் கொடியில். குனிந்து அதைத் திறந்து டயலைச் சுழற்றினாள். அந்த எண்ணெய் விஷயத்தைச் சொல்வதற்கு முன்னால் எனக்குத் தெரிந்திருந்த மாமி வேறு ஆள்.

டாக்டர் கேட்டதை மாமி படிக்கட்டிலிருந்து கீழே ஒலிபரப்பினாள். "வாயில ஒண்ணும் ஊத்தப்படாதாம். காத்துண்டு இருக்காம உடனே கிளம்பணுமாம். இன்னிக்குப் புதுசா என்ன தின்னது, எவ்வளவு, எத்தனை மணிக்குன்னு கேக்கறார். அட்டை, காகிதம் எது இருந்தாலும் எடுத்துண்டு வரச் சொல்றார்."

"புதுசா ஒண்ணும் தின்னலியே" என்றார் அப்பா.

அத்தான் இரண்டடி தள்ளி நிற்கிறார். என் மடியில் பஞ்சு தடதடக்கிறது. "சாக்லேட்" என்றேன். "என் துண்டை நான் லட்டுல வச்சுக் கொடுத்தேன். ஒரு துண்டுதான்."

திட்டு விழும் என்று கண்ணை மூடினேன். விழவில்லை. அம்மாவின் குரல் வந்தது, மெதுவாக. "நானும்தான். பால்சோத்துல பிசைஞ்சு வச்சேன். ஒரு துண்டுதான்."

அக்கா அத்தானைப் பார்க்காமலே சொன்னாள். "பிஸ்கட்டுக்கு நடுவுல வச்சு… நானும்."

எல்லோரும் அப்பாவைப் பார்த்தோம். அப்பா உத்தரத்தைப் பார்த்தார். "வடைக்குள்ள" என்றார்.

"நாலு துண்டு" என்று மேலே கத்தினேன். மாமி அதை டெலிபோனில் சொல்லிவிட்டு, "சாக்லேட் நாய்க்கு விஷமாம். கறுப்பா, கசப்பா இருக்க இருக்க ஜாஸ்தி விஷமாம். ஓடுங்கோ" என்றாள்.

அத்தான் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. மரியாதைக்கு நாங்கள் போட்ட வேஷம் கலைந்த கோபம் என்றுதான் நினைத்தேன். ஓடிப்போய்ச் சாக்லேட் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்து, அப்பாவோடும் என்னோடும் ஆட்டோவில் ஏறினார்.

ஆட்டோக்காரர் முதலில் வரமாட்டேன் என்றுதான் சொன்னார். அப்புறம் என் மடியைப் பார்த்தார். "இன்னாம்மா, நாயி இப்டி ஒதறிக்கினு கீது?"

"சாக்லேட் தின்னுட்டுங்க" என்றார் அப்பா.

"சாக்லேட்டா? நம்ம புள்ளைங்களுக்கே கெடைக்கல, நாய்க்கு யாரு நைனா குடுத்தது?"

பின்சீட்டில் மூன்று பேரும் வெளியே வேடிக்கை பார்த்தோம்.

"சரி வுடு. வண்டில வாந்தி எட்த்தா பரவால்ல, கயுவிக்கலாம். தலைய கொஞ்சம் தூக்கி வெச்சிக்கம்மா." அடையாறு பாலத்தில் ஏறியபோது ஆற்றுக்காற்று பஞ்சுவின் முடியைப் பிரித்தது. அது கண்ணைத் திறந்துகொண்டே இருந்தது. என்னைத்தான் பார்த்தது. லட்டு கொடுத்த கையைத்தான் நக்கியது. இதற்குமேல் அதைப் பற்றி எழுத வேண்டாம்.

டாக்டர் வேட்டியும் அரைக்கைச் சட்டையுமாக வாசலிலேயே நின்றார். மேஜையில் படுக்க வைத்து நெஞ்சில் கருவியை வைத்துக் கேட்டுக்கொண்டே, இன்னொரு கையால் அத்தானிடமிருந்து பெட்டியை வாங்கினார். வெள்ளித்தாளைப் பிரித்து விரலால் எண்ணினார்.

"போன்ல நாலுன்னு சொன்னீங்க. இதுல ஆறு இடம் காலியா இருக்கு."

"ரெண்டை மாப்பிள்ளை சாப்பிட்டாரு" என்றார் அப்பா. வழிவிட்டுக் கொடுக்கிற குரல் அது.

டாக்டர் நிமிர்ந்தார். "சார், நல்லாக் கேட்டுக்குங்க. ஊசி போட்டு வாந்தி எடுக்க வைக்கப் போறேன், அது எப்படியும் செய்யணும். ஆனா நாலுன்னா ஒரு கணக்கு, ஆறுன்னா வேற கணக்கு. ஆறு துண்டுன்னா இந்த உடம்புக்கு ஃபிட்ஸ் வரலாம், இதயம் நிக்கலாம். அதுக்கு மருந்து இப்பவே ஏத்தணும், ராத்திரி இங்கதான் வச்சுப் பார்க்கணும். வெட்கமெல்லாம் வாசல்லயே விட்டுட்டு வந்திருங்க. நாலா, ஆறா?"

மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு தடவை டக் என்றது. அப்பா அத்தானைப் பார்க்கவே இல்லை. எங்கே அவர் முகத்தைப் பார்த்தால் அது கேள்வியாகிவிடுமோ என்று சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தார்.

"ஆறு டாக்டர்" என்றார் அத்தான். "என்னுது ஒண்ணு. அப்புறம், மாமா ரொம்ப நல்லாருக்குன்னு சொன்னாங்கன்னு அவங்களுக்கு இன்னொண்ணு எடுத்தேன். கொடுக்க மனசு வரலை. ரெண்டையும் பின்கட்டுல அதுக்கே போட்டுட்டேன்."

டாக்டர் சிரிக்கவில்லை. அலமாரியைத் திறந்து இன்னொரு மருந்தையும் எடுத்துவைத்தார். எங்களை வெளியே போகச் சொன்னார்.

வெளி பெஞ்சில் மூன்று பேர். உள்ளே பஞ்சு வாந்தி எடுக்கிற சத்தம் கேட்டது, மறுபடி, மறுபடி. அழகான சத்தம் என்று சொன்னால் நாய் வளர்க்காதவர்களுக்குப் புரியாது. பிறகு கதவு திறந்து டாக்டர் ஒரு தட்டைக் காட்டினார். பழுப்பும் கறுப்புமாக நிறைய. "பெரும்பாகம் வந்துருச்சு. மிச்சத்தைப் பிடிச்சுக்கக் கரித்தூள் கரைச்சுக் கொடுத்திருக்கேன். துடிப்பு குறையுது. ஆறுன்னு சொன்னீங்களே, அது நல்லதாப் போச்சு." கதவு மூடிக்கொண்டது.

அப்பா நீளமாக மூச்சு விட்டார். "மாப்ள" என்றார். "அது ரொம்பக் கசப்பு."

"தெரியும் மாமா."

"வாயே விளங்கல."

"எனக்கும்தான் மாமா."

அப்பாவின் தோள் முதலில் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், பெஞ்சு ஆட ஆடச் சிரித்தார்கள். அவர்கள் இருவரும் சேர்ந்து சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலையில் போய் அழைத்துவந்தோம். பஞ்சு தானாகவே நடந்து வாசற்படி ஏறியது. மாமி மாடிப்படியில் நின்றாள். வழக்கம்போல் புடவையைச் சுருட்டிக்கொண்டாள், வழக்கம்போல் கிட்ட வரவில்லை. ஆனால் அது கூடத்துக்குள் போகும்வரை அங்கேயே நின்றுவிட்டுத்தான் மேலே ஏறினாள். அம்மா அன்றிலிருந்து அவளைப் பற்றி ஒரு சொல் தப்பாகப் பேசியதில்லை.

டாக்டர் அனுப்பும்போது வெங்காயம், பூண்டு போட்ட எதையும் கொடுக்காதீர்கள் என்றும் சொன்னார். திராட்சையைப் பற்றி அவரும் சொல்லவில்லை. பச்சைத் திராட்சையோ உலர்ந்ததோ, சில நாய்களுக்குக் கொஞ்சமே கிட்னியைக் கெடுத்துவிடும் என்கிற சேதி நமக்கெல்லாம் தெரியவந்தது பல வருஷம் கழித்து. சர்க்கரைக்குப் பதிலாகச் சூயிங்கத்தில் போடுகிறார்களே ஒரு இனிப்பு, அதுவும் நாய்க்கு விஷம்தான். ஏன் திராட்சையை இழுக்கிறேன் என்றால், கதை இன்னும் முடியவில்லை.

அன்று மத்தியானமும் அம்மா பாயாசம் வைத்தாள். மாப்பிள்ளை மனசு கோணியிருக்குமோ என்று அன்றைக்கு முந்திரியும் திராட்சையும் இரண்டு மடங்கு. டம்ளரை அவர் முன்னால் வைத்தாள். அத்தான் எடுத்துக்கொண்டு எழுந்தார், பின்கட்டுப் பக்கம் இரண்டடி வைத்தார், நின்றார். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"அத்தை, இன்னொண்ணும் சொல்லிருதேன். எனக்குத் திராட்சை ஆகவே ஆகாது. தினமும் பொறுக்கிப் பொறுக்கி பஞ்சுக்குத்தான் போட்டுக்கிட்டு இருந்தேன். பாயாசமும் அவ்வளவா இஷ்டமில்ல. அன்னைக்குக் கல்யாணத்துல மரியாதைக்குச் சொன்னது."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மா கரண்டியோடு அப்படியே நின்றாள். இரண்டு வாரத்துப் பாயாசம் அவள் முகத்தில் ஓடியது. இன்று நினைத்தால் எனக்கு ஓடுவது வேறு: பஞ்சு பிழைத்தது ஒரு தடவை இல்லை, தினமும் மத்தியானம் பிழைத்திருக்கிறது.

பிறகு அம்மா, அக்காவுக்குக் கல்யாணமானதிலிருந்து முதல் முறையாக, அத்தானுக்கு எதிர்நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அப்ப நாளையிலேர்ந்து மோர் போதுமா மாப்ள?"

"போதும் அத்தை. நிறைய."

டம்ளர் மேஜைமேல் நகர்ந்த சத்தம் கேட்டு, வெட்டுத்துணி மூட்டைமேலிருந்து பஞ்சு தலையைத் தூக்கியது. தள்ளாடி எழுந்து நேரே அத்தான் நாற்காலிக்கு வந்து, பழுப்புக் காதை விறைத்துக்கொண்டு நின்றது. அத்தான் குனிந்து, இரண்டு கையையும் அதன் மூக்குக்கு முன்னால் விரித்துக் காட்டினார். ஒன்றுமில்லை. பஞ்சு இரண்டையும் முகர்ந்து பார்த்துவிட்டு, அவர் காலடியிலேயே படுத்துத் தூங்கிப்போனது.